அடுக்களை இல்லாத பிரசவ ஆஸ்பத்திரி

நெய்யூரில் மருத்துவச்சிப் படிப்பை முடித்த கையோடு எனக்குச் சர்க்கார் வேலை கிடைத்தது. திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகச் சேர்ந்திருந்த புதுசு. கிராமத்துப் பெண்களுக்குப் பிரசவ ஆஸ்பத்திரிகள் கட்ட வேண்டும் என்று மேலே எங்கோ முடிவாகி, எங்கள் பக்கத்துக்கும் ஒன்று வந்தது. திற்பரப்புக்குப் போகிற பாதையில் ஒரு முக்குச்சந்தி. சந்தை கூடுவதும் பஸ் நிற்பதும் அங்கேதான். ஒரு சாயாக்கடை இருந்தது. அதற்கு நேர் எதிரே எங்கள் ஆஸ்பத்திரி. முதல் மருத்துவச்சியாக என்னைப் போட்டார்கள். எனக்கு அப்போது கல்யாணம் ஆகியிருக்கவில்லை. மிஷன் பள்ளி வாத்தியாரான அப்பாதான் என்னைக் கொண்டுவிட வந்தார். கட்டிடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நம்ம சபைக் கோயிலவிட நல்லாக் கெட்டியிருக்காவளே" என்றார்.

அப்பா சொன்னது உண்மைதான். செதுக்கிய கருங்கல்லில் அஸ்திவாரம், வெள்ளைச் சுவர், மங்களூர் ஓடு, சிவப்புச் சிமெண்டுத் தரை. வார்டில் இரண்டு வரிசையாக இரும்புக் கட்டில்கள் போட்டிருந்தார்கள். காற்று நன்றாக வர வேண்டும் என்று ரோட்டைப் பார்த்துப் பெரிய பெரிய ஜன்னல்கள் வைத்திருந்தார்கள். முன்முற்றத்தில் புதுக்கிணறு. ஓரமாக எனக்கென்று ஓர் அறை. திறப்பு விழாவுக்கு வாழை கட்டி, பந்தல் போட்டு, திருவனந்தபுரத்திலிருந்து பெரிய உத்தியோகஸ்தர்கள் வந்தார்கள். ஆண்கள் பந்தலுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் ரோட்டுக்கு அந்தப் பக்கம், மரத்தடியில் நின்று பார்த்துவிட்டுக் கலைந்து போனார்கள்.

அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

முதலில் நான் கவலைப்படவில்லை. புது இடம், பழக வேண்டும் என்று நினைத்தேன். ஆடி போய் ஆவணி வந்தது. தினமும் காலையில் தரையைக் கழுவி, கட்டில்களைத் துடைத்து, விரிப்புகளை வெயிலில் உலர்த்தி எடுத்து மறுபடியும் விரிப்பேன். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பார்கள். உள்ளே நான் ஒருத்தி மட்டும் நிற்பது தெரியும். சாயாக்கடையில் எப்போதும் நாலு பேராவது உட்கார்ந்திருப்பார்கள். கிணற்றில் நான் தண்ணீர் கோரும்போது அவர்கள் பேச்சு நின்றுவிடும். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. பார்ப்பதற்கு அந்த ஊரில் வேறென்ன இருந்தது? ஆனாலும் எனக்குக் கை காலெல்லாம் கூசும். பிறகு விடியும் முன்பே தண்ணீர் கோரி வைத்துக்கொள்ளப் பழகினேன்.

ஊரில் பிரசவங்கள் நடக்காமல் இல்லை. ஒரு வயித்தாட்டி இருந்தாள். ஊரில் பாதிப்பேர் அவள் கையில் பிறந்தவர்கள். அறுபதை ஒட்டிய வயது, கெட்டியான உடம்பு, வெற்றிலை போட்ட வாய். நான் வந்த புதிதில் அவளைப் போய்ப் பார்த்தேன். "சேர்ந்து செய்யலாம் அம்மா" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒனக்குச் சர்க்கார் சம்பளம் தருது. எனக்கு ஆரு தருவா?" என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். அதில் நியாயம் இருந்தது.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு மதியம் அவளே என்னைத் தேடி வந்தாள். முட்டுவரை சேறு. முற்றத்தில் நின்றபடியே, "மோளே, எனக்க மருமவளுக்கு ரத்தம் நிக்கல்ல. பிள்ள பெறந்தாச்சு. நீ கொஞ்சம் வா" என்றாள். அவள் குரல் அப்படித் தாழ்ந்து நான் கேட்டதில்லை.

வீடு மலைச்சரிவில், ரப்பர் மரங்களுக்கு நடுவே இருந்தது. மகன் ரப்பர் வெட்டுத் தொழிலாளி. மருமகள் சின்னப் பெண். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. குழந்தை ஒரு முறத்தில் துணி சுற்றிக் கிடந்து அழுதுகொண்டிருந்தது. கொண்டுபோன ஊசியைப் போட்டேன். வயிற்றைப் பிசைந்து பார்த்தேன். ரத்தம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஏற்றுவதற்கு உப்புநீர் பாட்டில்கள் இருந்தன. அதை ஏற்றிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் நெய்யூருக்குக் கொண்டுபோய்விடலாம் என்று தோன்றியது. "கட்டிலோட தூக்குங்க, ரோட்டு வழியா போவோம்" என்றேன்.

மகன் கட்டிலில் கை வைத்துவிட்டான். வயித்தாட்டி மறித்தாள்.

"ரோட்டு வழி வேண்டாம். இண்ணைக்குச் சந்தை. அந்தச் சாயாக்கடைக்கு முன்னால கூடி, இந்தக் கோலத்துல, எனக்க மருமவள நான் கொண்டுபோவ மாட்டேன்."

"உயிர் போற நேரத்துல என்ன பேச்சு இது?"

"ஓடைக்கரை வழி போவலாம். ஆளு இல்லாத வழி. ஆஸ்பத்திரிக்கிட்ட வந்துதான் ரோட்டுல ஏறும்."

அவள் அசையவில்லை. மகன் அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். வாதாடினால் இன்னும் நேரம் போகும் என்று நானும் ஓடைக்கரை வழியே கிளம்பினேன். மழைக்குப் பிறகு அந்த வழி வழுக்கியது. ஓடையில் இடுப்பளவு தண்ணீர். கட்டிலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு கடந்தோம். அக்கரை ஏறியதும் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துப் பார்த்தேன். நாடி இல்லை. கட்டிலை இறக்கச் சொன்னேன். வயித்தாட்டி என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். அழவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் சேற்றில் உட்கார்ந்து, மருமகளின் காலில் ஒட்டியிருந்த சேற்றைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

பல நாட்கள் எனக்கு அவள்மேல் கோபம் ஆறவில்லை. வேலையை விட்டுவிடுகிறேன் என்று அப்பாவுக்கு எழுதக்கூட உட்கார்ந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஓவர்சியர் வந்தார். ஓடைக்குக் குறுக்கே பாலம் கட்டும் வேலை. நாஞ்சில் நாட்டுக்காரர். தோவாளைப் பக்கம். மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்து சந்திக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு பார்த்துத் தங்கினார். அவளுக்கு ஆறு மாதம். தாய் இல்லாத பெண். பிரசவ சமயத்தில் அண்ணன் மனைவி இங்கே வந்து துணைக்கு நிற்பதாக ஏற்பாடு.

ஒரு நாள் ஓடு உடைந்து ஒழுகுவதைச் சொல்ல ஓவர்சியரை அழைத்தேன். வந்தவர் ஓட்டைப் பார்ப்பதை விட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்தார். அஸ்திவாரத்தைக் குனிந்து பார்த்தார். ஜன்னல் சட்டத்தைத் தடவினார். "நல்ல கெட்டு. நூறு வருசம் நிக்கும்" என்றார்.

"நிக்கட்டும் சார். ஆளுதான் வரமாட்டேங்கு" என்றேன்.

"அறியாத சனம். முதல்ல ஒரு ஆளு வந்தா பொறவு எல்லாரும் வருவா. எனக்க வீட்டுக்காரியையே கொண்டாந்து விடுதேன். எங்களுக்கும் பக்கம்தான்."

எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. ஓவர்சியர் மனைவி என்றால் ஊரே பார்க்கும். அடுத்த வாரமே அவளைப் பார்க்கப் போனேன். கனிவான முகம். எனக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள். நான் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தாள்.

"அவிய என்கிட்டயும் சொன்னாவ. நான் வரமாட்டேன் அக்கா."

"ஏன்?"

"ஒருவாட்டி வந்து பாத்தேன். நீங்க இல்ல அப்போ. அங்க அடுக்களை எங்க இருக்கு?"

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. நெய்யூரில் நான் படித்த இடத்தில் சமையற்கட்டு தனியாக, பெரிதாக, பின்னால் இருந்தது. அது இருக்கிறதா இல்லையா என்று நான் யோசித்ததே இல்லை. இங்கே நான் என் அறையிலேயே ஓர் ஓரத்தில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் எனக்கு மட்டும் பொங்கிக்கொண்டிருந்தேன்.

"எங்க மைனி வந்து நிப்பா. அவ எங்க நிப்பா? எனக்குக் கஞ்சி எங்க வைப்பா? மருந்து இடிச்சுக் காய்ச்ச எங்க அடுப்பு மூட்டுவா? வேது வெள்ளம் எங்க கொதிக்க வைப்பா? குளிக்க எடம் எங்க? கிணறு நடுமுத்தத்துல. எதுத்தாப்புல சாயாக்கடை. படுத்த எடத்துல ஜன்னல தொறந்தா பஸ்ஸுல வாற போற ஆளுவ மொகம். பிள்ளைக்குப் பால் குடுக்கணும் அக்கா. நீங்களே சொல்லுங்க. நீங்க அங்க பிள்ள பெத்துக் கெடப்பியளா?"

இலைகளையும் பட்டைகளையும் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரில் பிள்ளை பெற்றவளைக் குளிப்பாட்டுவதுதான் வேது. எங்கள் பக்கத்தில் எந்த மதமானாலும் எந்த வீடானாலும் அது இல்லாமல் பிரசவம் முடிந்ததாகக் கணக்கில்லை. என் அம்மாவுக்குத் தம்பி பிறந்தபோது வீடு முழுக்க அந்த இலை வாசம் அடித்தது எனக்கு நினைவிருக்கிறது. எல்லாம் தெரிந்த நானே மாதக்கணக்காக அந்தக் கட்டிடத்துக்குள் இருந்துகொண்டு இதை யோசிக்கவில்லை. என்னோடு வந்து சுற்றிப் பார்க்கச் சொன்னேன். ஓவர்சியரும் கூட வந்தார்.

அவள் ஒவ்வொரு இடமாக நின்று காட்டினாள். அவர் முதலில் மறுத்துப் பேசினார். காற்றுக்காகத்தான் ஜன்னல், மழைத் தண்ணீர் தேங்காமல் இருக்கத்தான் மேட்டில் முன்முற்றம் என்றார். பிறகு பேச்சைக் குறைத்தார். கடைசியில் பின்பக்கம் போய் நின்றார். பின்னால் வாசலே கிடையாது. சுவருக்கு அப்பால் இரண்டு ஆள் நீளத்துக்குச் சர்க்கார் இடம். அதைத் தாண்டி வேலி. வேலிக்கு அப்பால் வாழைத்தோப்பு. தோப்புக்குள் நடந்தால் மலைச்சரிவு வீடுகளுக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில் சேர்ந்துவிடலாம். ரோட்டை மிதிக்கவே வேண்டாம்.

எனக்கு அந்த வேலியைப் பார்த்ததும் ஓடைக்கரைதான் நினைவுக்கு வந்தது.

ஓவர்சியர் மேலிடத்துக்கு எழுதினார். பின்வாசல், அடுக்களை, குளிமுறி, கிணற்றுக்கு மறைப்பு. கட்டிடம் பிளான்படி பூர்த்தியாகிவிட்டது, புதிதாக ஒன்றும் சேர்க்க வழியில்லை என்று பதில் வந்தது. அவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் வந்து, "பாலத்துக்கு வந்த சர்க்கார் கல்லு ஒண்ணத் தொட மாட்டேன். ஊர்க்காரங்க சாமானம் தந்தா, அளந்து நிமிர்த்திக் குடுக்கது எனக்க பொறுப்பு" என்றார்.

ஊரில் யாரைக் கேட்பது? எனக்குத் தெரிந்து எல்லா வீட்டுக்குள்ளும் நுழையக்கூடிய ஆள் ஒருத்திதான். வயித்தாட்டியின் வீட்டுக்குப் போனேன். மருமகள் இறந்த பிறகு அன்றுதான் போகிறேன். பேரனை மடியில் போட்டு, துணியைத் தேங்காய்ப்பாலில் நனைத்து வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை சவலையாக இருந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த பால்பொடியில் கொஞ்சம் கொண்டுபோயிருந்தேன். கரைக்கும் விதத்தைக் காட்டிக் கொடுத்தேன். அது குடித்துவிட்டுத் தூங்கியது. அதன் பிறகு நான் வந்த காரியத்தைச் சொன்னேன். பின்வாசல் என்று சொன்ன இடத்தில், பேரனைத் தட்டிக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

"பின்னால கூடி வழி உண்டா?" என்று கேட்டாள்.

"வாழைத்தோப்பு வழியா வரலாம். வேலியைத் திறந்தால்."

பேரன்மேல் துணியை இழுத்து மூடினாள். "அந்தப் பின்வாசல் அப்பமே இருந்திருந்தா, எனக்க பிள்ள பொழச்சிருக்குமா மோளே?"

பிழைத்திருக்கலாம் என்று சொல்லவா, தெரியாது என்று சொல்லவா? நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கோபம் எப்போது போனது என்று யாராவது கேட்டால், அந்த நிமிஷம் என்றுதான் சொல்வேன். அவள் மானத்தைப் பார்த்தாள், உயிரைப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளை பெற்ற கோலத்தில் ஒரு பெண்ணைச் சந்தைக்கூட்டத்துக்கு நடுவே தூக்கிக்கொண்டு போகிற நிலையில் அவளை யார் வைத்தது? அதை நான் கேட்டிருக்கவே இல்லை.

அவள் இறங்கிவிட்டாள் என்றால் பிறகு யாரும் மறுப்பதில்லை. ஒரு வீட்டிலிருந்து ஓலை, ஒரு வீட்டிலிருந்து கூரைக்குப் பனங்கை, சரிவில் கல் வெட்டுகிறவர்களிடமிருந்து செங்கல் போல அறுத்த வெட்டுக்கல். சபைப் பெண்கள் தண்ணீர் காய்ச்ச ஒரு பெரிய செம்புக் குட்டுவம் கொடுத்தார்கள். அய்யாவழிக்காரர்கள், தங்கள் கோயிலான தாங்கலில் அன்னம் காய்ச்சுகிற பாத்திரம் மாதிரி ஒன்று எங்களுக்கும் வாங்கித் தருவோம் என்றார்கள். அடுக்களை யார் பொறுப்பில் என்று ஒரு பேச்சு கிளம்பியது. ஒருவர் அடுப்பில் இன்னொருவர் பொங்குவார்களா என்று தயங்கினார்கள். ஓவர்சியர் மனைவிதான் வழி சொன்னாள். ஒரே அடுப்பு வேண்டாம், சுவரோரமாக வரிசையாக அடுப்பு போடலாம், அவரவர் பானையும் விறகும் அவரவர் கொண்டு வரட்டும். தண்ணீர் மட்டும் ஒரே கிணறு. அதில் முணுமுணுத்தவர்களும் உண்டு. வயித்தாட்டி அவர்களைப் பார்த்து, "பெறந்த ஒடனே ஒங்க எல்லாரையும் ஒரே கையாலதான் குளிப்பாட்டினேன்" என்றாள். பேச்சு அதோடு அடங்கியது.

வேலியில்தான் மாட்டிக்கொண்டோம். வாழைத்தோப்பு சாயாக்கடைக்காரருடையது. ஓவர்சியரும் நானும் போய்க் கேட்டோம். நல்ல மனிதர்தான், எங்களுக்கு சாயா போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் மறுத்தார்.

"ரோட்டுக்கு அகலம் கூட்டினப்பம் எனக்க முன்வசம் முழுக்கப் போச்சு சார். எடுத்துக்கிட்டு, பொறவு எடுத்துக்கிட்டோம்னு சொன்னாவ, அவ்வளவுதான். இப்பம் ஒத்தையடி வழிம்பிய. நாளைக்கு அதும் ரோடுன்னு வந்து கல்லு நாட்டுவாவ. எனக்கு மூணு பிள்ளைய. இந்தத் தோப்பு ஒண்ணுதான் மிச்சம்."

ஓவர்சியர் சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அவர் இலாகாவின் வேலைதானே அது. திரும்பி வரும்போது, "அவரு சொல்லுகதுல தப்பு இல்ல" என்று மட்டும் சொன்னார். பின்வாசலுக்குச் சுவரை இடித்துத் திறப்பு வைத்தோம். ஓலைக்கொட்டகையாக அடுக்களையும் குளிமுறியும் நிமிர்ந்தன. கிணற்றைச் சுற்றி ஓலைத்தட்டி கட்டினோம். ஜன்னல்களின் கீழ்ப்பாதிக்கு மூங்கில் பாய் அடித்தோம். பின்வாசலைத் திறந்தால் எதிரே வேலி.

மாசி மாதம் ஒரு சந்தை நாள். உச்சிப்பொழுது. ஓவர்சியர் மனைவிக்கு வலி கண்டுவிட்டது என்று அவள் மைனி ஓடி வந்து சொன்னாள். ஓவர்சியர் பாலத்து வேலையில் இருந்தார். வீட்டிலேயே பார்த்துவிடலாமா என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது. நான் போனபோது அவள் துணிமணிகளை மூட்டை கட்டி வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

"நடந்துருவேன் அக்கா. கொஞ்ச தூரம்தான். இவ்வளவு பேரு பாடுபட்டுக் கெட்டினது, நான் வரலைன்னா பொறவு ஆரு வருவா?"

ஒரு பக்கம் நானும் ஒரு பக்கம் மைனியும் பிடித்துக்கொண்டோம். நல்ல கூட்டம். மரச்சீனிக்கிழங்கு, மீன், வாழைத்தார், ஆட்டுக்குட்டி. பஸ் ஒன்று வந்து நின்று ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது. சாயாக்கடைக்கு நேராக வந்தபோது அவளுக்கு அடுத்த வலி வந்தது. மைல்கல்லைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். அப்போதே பன்னீர்க்குடமும் உடைந்தது. சேலை நனைந்து தரையில் வழிந்தது. நடக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கூட்டம் அப்படியே நின்றது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். நான் என் உடம்பால் மறைக்கப் பார்த்தேன். என் உடம்பு எவ்வளவு மறைக்கும்?

சாயாக்கடைக்காரர் கையில் சாயா ஆற்றும் பாத்திரத்தோடு அதைப் பார்த்தார். பாத்திரத்தை வைத்துவிட்டு, உள்ளே உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பாமலேயே கடையின் நிரைப்பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பொருத்தினார். ஆட்கள் உள்ளேயே அடைபட்டார்கள். பிறகு ரோட்டுக்கு வந்து, உரக்கவும் இல்லாமல் மெதுவாகவும் இல்லாமல், "எல்லாரும் அங்கோட்டு திரும்பி நில்லுங்க" என்றார்.

திரும்பினார்கள். கிழங்கு விற்றவர்கள், பஸ்ஸில் இருந்தவர்கள், கண்டக்டர், எல்லோரும். சந்தையே எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. மீன்காரி மட்டும் கூடையை இறக்கிவிட்டு ஓடி வந்து அவளை என்னோடு சேர்ந்து தூக்கிப் பிடித்தாள். ரோட்டைத் தாண்டி உள்ளே போகும்வரை ஒரு தலையும் திரும்பவில்லை.

வெகுநேரம் ஆகவில்லை. பெண் குழந்தை. நல்ல அழுகை. ஓவர்சியர் கையெல்லாம் சுண்ணாம்போடு வந்து சேர்ந்தபோது, மைனி புது அடுப்பில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள். ஓலை இடுக்குகளில் புகை வந்தது. அவர் குழந்தையைப் பார்ப்பதற்கு முன் அந்தப் புகையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். வயித்தாட்டி பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, வேதுக்கு என்னென்ன இலை வேண்டும் என்று மைனியிடம் பேசத் தொடங்கிவிட்டாள். நான் தாய்க்கு உடம்பு எப்போது கொதிதண்ணீரைத் தாங்கும் என்று சொன்னேன். வயித்தாட்டி அதற்குமேல் ஒரு நாள் கூட்டிக்கொள்வோம் என்றாள். சரி என்றேன். அப்படித்தான் எங்கள் கூட்டு வேலை ஆரம்பித்தது.

மறுநாள் காலை பின்பக்கம் வெட்டுச்சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். சாயாக்கடைக்காரர் வெட்டுகத்தியோடு வேலியைத் திறந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"வாழைக்கு எடயில கூடித்தான் வழி. தாறு தொங்கும். தலை முட்டாமப் பாத்து வரச் சொல்லணும்" என்றார். நான் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் மறுபடியும் குனிந்து வெட்ட ஆரம்பித்துவிட்டார்.

அந்த வாரமே சரிவிலிருந்து ஒரு பெண் வந்தாள். பிறகு அவள் தங்கை. கோடை முடிவதற்குள் காலிக் கட்டிலைப் பார்ப்பது அபூர்வமாகிவிட்டது. அடுப்புகளில் நாலு விதமான குழம்பு கொதிக்கும். ஒருத்தி கொண்டுவந்த மருந்தை இன்னொருத்தி ருசி பார்த்துக் குறை சொல்வாள். எல்லாரும் பிழைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். சில குழந்தைகள் போயின. ஒரு தாயை நெய்யூருக்குக் கொண்டுபோகும் வழியில் இழந்தோம். ஆனால் எவரும் வழியில்லாமல் ஓடைக்குள் இறங்கவில்லை. ஓவர்சியர் பாலத்தை முடித்துவிட்டு வேறு ஊருக்கு மாறிப் போனார். போகும்போது அவர் மனைவி எனக்குத் தன் அம்மியைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஒரு முறை திருவனந்தபுரத்திலிருந்து மேலதிகாரி மேற்பார்வைக்கு வந்தார். பின்னால் புகையைப் பார்த்துவிட்டு விறுவிறுவென்று போனார். பெண்கள் சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார்கள். இது யார் அனுமதியில் கட்டியது என்று மலையாளத்தில் கேட்டார். வயித்தாட்டி குறுக்கே வந்து, "சாருக்க வீட்டுல பிள்ள பெத்தவளுக்கு எங்க வச்சு கஞ்சி வெப்பாவ?" என்று கேட்டாள். அவர் அவளைப் பார்த்தார். வார்டுக்குள் போய் ஒவ்வொரு கட்டிலாக நின்றார். ஒரு குழந்தையின் விரலைத் தொட்டுப் பார்த்தார். ஜீப்பில் ஏறும்போது, ஓலைக்கொட்டகை தீப்பிடிக்கும், ஓடு போட எழுதுங்கள் என்றார். எழுதினேன். இரண்டு மழைக்காலம் கழித்து ஓடு வந்தது.

ஐம்பத்தாறில் எங்கள் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. எனக்குக் கடற்கரை ஊர் ஒன்றுக்கு மாற்றல் வந்தது. அங்கே பிரசவ ஆஸ்பத்திரிக்கு இடம் மட்டும்தான் அளந்திருந்தார்கள், கல் நடவில்லை. நான் போன முதல் வாரமே மணலில் பெண்களோடு உட்கார்ந்து, என்னென்ன வேண்டும் என்று கேட்டேன். அடுக்களையைப் பற்றி யாரும் பேசவே இல்லை. வீடுகள் அவ்வளவு நெருக்கம், கஞ்சியை நடந்தே கொண்டுவந்துவிடலாம் என்றார்கள். கிணற்றுத் தண்ணீர் உப்பு, குடிக்க நல்ல தண்ணீர் வேண்டும் என்றார்கள். ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு கர்ப்பிணி, கடலைப் பார்த்து ஒரு ஜன்னல் வேண்டும் என்றாள்.

"எதுக்கு மக்கா?"

"அவரு போன கட்டுமரம் கரை ஏறிட்டான்னு படுத்துக்கிட்டே பாக்கணும். அவரு வந்து சேராம எனக்கு எப்பிடிப் பெற மனசு வரும்?"

இஞ்சினீயரிடம் சொன்னேன். கடல் பக்கம் ஜன்னல் வைத்தால் உப்புக்காற்றில் இரும்புக் கட்டில் துருப்பிடிக்கும் என்றார். பிடிக்கட்டும் சார், வருஷாவருஷம் பெயிண்ட் அடித்துக்கொள்கிறோம் என்றேன். அவர் பென்சிலை எடுத்து வரைபடத்தில் ஜன்னலைப் போட்டார். கட்டில்கள் துருப்பிடிக்கத்தான் செய்தன. அந்த ஊரில் இருந்த காலம் முழுக்க, மீன்பாடு குறைந்த ஆடி மாதத்தில் அந்தப் பெண்களும் நானும் ஆளுக்கொரு தூரிகையோடு உட்கார்ந்து கட்டில்களுக்குப் பச்சைப் பெயிண்ட் அடிப்போம்.